காசநோய்க்குக் கூட்டு மருந்து: குற்றாலக் காற்று முதல் சேத்துப்பட்டு ஆய்வு வரை

காசநோய் பாக்டீரியாவால் உண்டாகும் தொற்றுநோய். எலும்புருக்கி, சயரோகம், டி.பி. எனப் பல பெயர்களில் தமிழ் மக்கள் இதை அறிவர். இந்நோய்க்கு ஒரே ஒரு மருந்தைக் கொடுத்தால் சில மாதங்களில் கிருமி அந்த மருந்தை வென்றுவிடும். இரண்டு, மூன்று மருந்துகளைச் சேர்த்து, குறித்த காலம் முழுவதும் கொடுத்தால் நோய் தீரும். இது இன்று பாடநூலில் ஒரு வரி. ஆனால் இந்த ஒரு வரியைக் கண்டறியப் பல உயிர்கள் விலையாகப் போயின. மேலும், சரியான கூட்டு மருந்து கிடைத்தால் ஏழை நோயாளியும் தன் வீட்டில் இருந்தபடியே குணமாகலாம் என்பதை உலகுக்கு மெய்ப்பித்தது சென்னை சேத்துப்பட்டில் 1956ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு. காசநோய் மருத்துவ நூல்களில் அது 'சென்னை ஆய்வு' என்றே குறிக்கப்படுகிறது.

காற்றை நம்பிய காலம்

மருந்து இல்லாத காலத்தில் நெஞ்சு நோய்க்கு மருத்துவர்கள் சொன்னது காற்று மாற்றம், ஓய்வு, நல்ல உணவு ஆகிய மூன்றுதான். தென்காசிப் பகுதி மக்களுக்கு இது புதிய செய்தியன்று. மூலிகைகளின் மேல் தவழ்ந்து வரும் காற்றும் மலையிலிருந்து விழும் நீரும் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கையோடு குற்றாலத்துக்கு ஆனி, ஆடிச் சாரலில் வருவோர் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில் பாளையங்கோட்டையிலும் திருநெல்வேலியிலும் இருந்த ஐரோப்பிய அதிகாரிகள் வெயில் காலத்தை அடுத்து உடல் தேறுவதற்குக் குற்றாலம் வந்து தங்குவது வழக்கமாக இருந்தது. கம்பெனியார் அங்கே சாதிக்காய், கிராம்பு முதலிய வாசனைப் பயிர்த் தோட்டங்களும் அமைத்தனர்.

ஐரோப்பாவிலும் இதே எண்ணம்தான். 1850களில் ஹெர்மன் பிரேமர் என்ற ஜெர்மானிய மருத்துவர் மலையூர் ஒன்றில் காசநோயாளிகளுக்கென ஓர் இல்லத்தை அமைத்தார். 'சானடோரியம்' என்னும் மருத்துவமனை முறை அங்கிருந்து பரவியது. 1882 மார்ச் 24 அன்று ராபர்ட் கோக், காசநோய்க்குக் காரணமான கிருமியைக் கண்டுபிடித்ததை பெர்லினில் அறிவித்தார். கிருமி இன்னதென்று தெரிந்த பிறகும் அதைக் கொல்லும் மருந்து வர அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதுவரை சானடோரியமே கதி.

நம் பகுதியில் 1912இல் மதனப்பள்ளியில் கிறித்தவ மிஷன்களின் சானடோரியம் தொடங்கப்பட்டது. 1928இல் தாம்பரத்தில் டாக்டர் சௌரி முத்து ஒன்றைத் தொடங்கினார். 'தாம்பரம் சானடோரியம்' என்ற ரயில் நிலையப் பெயர் இன்றும் அதை நினைவூட்டுகிறது. இந்த முத்து அதற்கு முன் இங்கிலாந்தின் மெண்டிப் மலைப்பகுதியில் ஒரு சானடோரியத்தை நடத்தியவர். கணித மேதை இராமானுஜனுக்குக் காசநோய் என்று மருத்துவர்கள் கருதியபோது, 1917இல் அவர் சில காலம் தங்கியது அங்கேதான். இராமானுஜன் தாயகம் திரும்பி 1920 ஏப்ரல் 26 அன்று சேத்துப்பட்டில் காலமானார். அவருக்கு வந்தது காசநோயே அன்று, கல்லீரலைத் தாக்கிய அமீபா நோயாக இருக்கலாம் என்று பிற்கால மருத்துவர் ஒருவர் ஆராய்ந்து எழுதியுள்ளார். அக்காலத்தில் நோயை உறுதி செய்வதும் எளிதன்று என்பதற்கு இது ஒரு சான்று.

சானடோரியத்தில் சிலர் தேறினர்; பலர் தேறவில்லை. தேறியவர்களும் காற்றால் தேறினரா, தாமாகவே தேறக்கூடியவர்களாக இருந்தனரா என்று சொல்ல வழியில்லை. வசதி இருந்தவர்களுக்கு மட்டுமே அந்த இடமும் கிடைத்தது. நாட்டில் நோயாளிகள் லட்சக்கணக்கில் இருந்தனர், படுக்கைகளோ ஆயிரக்கணக்கில்.

ஒற்றை மருந்து தோற்ற கதை

நெல்லைச் சீமையின் புகழ்பெற்ற எழுத்தாளர் புதுமைப்பித்தன், திரைப்பட வேலைக்காகப் புனே சென்ற இடத்தில் காசநோய் முற்றி, 1948 ஜூன் 30 அன்று திருவனந்தபுரத்தில் இறந்தார். அப்போது அவருக்கு வயது 42. அதே ஆண்டு அக்டோபரில்தான் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஸ்ட்ரெப்டோமைசின் ஊசி பற்றிய தன் ஆய்வு முடிவை வெளியிட்டது.

ஸ்ட்ரெப்டோமைசின் 1943இல் அமெரிக்காவில் செல்மன் வாக்ஸ்மனின் ஆய்வகத்தில், அவருடைய மாணவர் ஆல்பர்ட் ஷாட்ஸ் மண்ணில் வாழும் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தெடுத்த மருந்து. பெனிசிலினால் அசைக்க முடியாத காசநோய்க் கிருமியை இது கொன்றது. போருக்குப் பின் பிரிட்டனிடம் இருந்த மருந்து மிகக் குறைவு. எல்லோருக்கும் கொடுக்க முடியாது. எனவே 107 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, 55 பேருக்கு ஊசியும் ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும் கொடுத்தனர். ஆறு மாதத்தில் ஊசி பெற்றவர்களில் 4 பேரும், பெறாதவர்களில் 14 பேரும் இறந்தனர். மருந்து வென்றது என்றே எல்லோரும் நினைத்தனர்.

ஐந்து ஆண்டுகள் கழித்து அதே நோயாளிகளைக் கணக்கெடுத்தபோது மகிழ்ச்சி மறைந்தது. ஊசி பெற்ற 55 பேரில் 32 பேர் இறந்திருந்தனர். பெறாத 52 பேரில் 35 பேர் இறந்திருந்தனர். முதலில் தெரிந்த பெரிய வேறுபாடு ஏறத்தாழ அழிந்துவிட்டது. காரணம், ஊசி தொடங்கிய சில வாரங்களிலேயே பல நோயாளிகளின் சளியில் மருந்துக்கு மசியாத கிருமிகள் தோன்றிவிட்டன. முதலில் இருமல் குறைந்து, உடல் எடை கூடி, பின் நோய் திரும்பி வந்தபோது அதே ஊசி பயன்படவில்லை. இந்த ஐந்தாண்டுக் கணக்கெடுப்பை 1954இல் வெளியிட்டவர்களுள் ஒருவர் வாலஸ் ஃபாக்ஸ் என்னும் மருத்துவர். அவர் பின்னர் சென்னை வரப்போகிறவர்.

இதற்கிடையில் ஸ்வீடனில் யோர்கன் லேமன் என்பவர் பாரா அமினோ சாலிசிலிக் அமிலம் என்ற மருந்தைக் கண்டறிந்திருந்தார். சுருக்கமாக 'பாஸ்' என்பர். இது தனியே வலிமை குறைந்தது. ஆனால் ஸ்ட்ரெப்டோமைசினோடு சேர்த்துக் கொடுத்தபோது, மசியாத கிருமிகள் தோன்றுவது பெருமளவு குறைந்தது. 1950இல் பிரிட்டிஷ் ஆய்வு இதை உறுதி செய்தது. 1952இல் ஐசோனியசிட் வந்தது. இது மலிவான மாத்திரை; ஆற்றலும் மிக்கது. விந்தை என்னவென்றால், இந்தப் பொருளை 1912இலேயே பிராக் நகரில் வேதியியலார் இருவர் தயாரித்திருந்தனர். அது காசநோயைத் தீர்க்கும் என்று நாற்பது ஆண்டுகள் யாருக்கும் தெரியவில்லை.

(கண்டிப்பான பொருளில், நுண்ணுயிர்களிடமிருந்து கிடைக்கும் ஸ்ட்ரெப்டோமைசின் போன்றவையே நுண்ணுயிர் எதிர்ப்பிகள். ஐசோனியசிட், பாஸ் ஆகியவை வேதிப்பொருள்கள். பேச்சு வழக்கிலும் மருத்துவ வழக்கிலும் இரண்டையும் ஒன்றாகவே சொல்வதால் இக்கட்டுரையிலும் அந்த வேறுபாடு பார்க்கப்படவில்லை.)

கூட்டு ஏன் வேலை செய்கிறது: ஒரு கணக்கு

மாணவர்கள் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுப் பார்க்கலாம். கிருமிகள் பெருகும்போது தற்செயலாகச் சில மாறிப் பிறக்கும். அவற்றில் ஒன்றிரண்டு, மருந்தை இதுவரை கண்டிராத போதே, அதற்கு மசியாதவையாக இருக்கும். ஐசோனியசிடுக்கு மசியாதது சுமார் பத்து லட்சத்தில் ஒன்று. ரிஃபாம்பிசின் என்னும் மருந்துக்கு மசியாதது சுமார் பத்துக் கோடியில் ஒன்று.

நுரையீரலில் காசநோய் ஏற்படுத்திய குழி ஒன்றில் பத்துக் கோடி கிருமிகள் வரை இருக்கலாம். ஐசோனியசிடை மட்டும் கொடுத்தால் என்ன ஆகும்? பத்துக் கோடியைப் பத்து லட்சத்தால் வகுத்தால் நூறு. அந்த நூறு கிருமிகள் சாகாமல் நிற்கும். மற்றவை செத்து இடம் காலியானதும் இந்த நூறும் பெருகிக் குழியை நிரப்பும். இப்போது இருப்பவை எல்லாம் மசியாத வகை. ரிஃபாம்பிசினை மட்டும் கொடுத்தாலும் ஒன்று மிஞ்சலாம். பெருகுவதற்கு ஒன்று போதும்.

இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால், இரண்டுக்கும் மசியாத கிருமிதான் பிழைக்க வேண்டும். அப்படி ஒன்று இருக்கும் வாய்ப்பு பத்து லட்சத்தைப் பத்துக் கோடியால் பெருக்கினால் வரும் எண்ணில் ஒன்று. அதாவது ஒரு கோடி கோடியில் ஒன்று. பத்துக் கோடிக் கிருமிகளுக்குள் அப்படி ஒன்று இருக்காது என்றே கொள்ளலாம். ஒரு மருந்துக்குத் தப்பியதை மற்றது கொல்லும்.

நோயாளி இரண்டில் ஒன்றை மட்டும் விழுங்கி மற்றதை விட்டுவிட்டால், அவர் கையில் இருப்பது மறுபடியும் ஒற்றை மருந்துதான். சேத்துப்பட்டு ஆய்வாளர்களைப் பின்னாளில் அதிகம் கவலைப்பட வைத்தது இதுவே.

சேத்துப்பட்டு, 1956

கூட்டு மருந்து இருக்கிறது. சானடோரியப் படுக்கை இல்லை. மருந்தை வீட்டுக்குக் கொடுத்து அனுப்பினால் போதுமா? அல்லது ஓய்வும் உணவும் நல்ல காற்றும் இல்லாமல் மருந்து பயன்படாதா? இந்தக் கேள்விக்கு விடை காண இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், அன்றைய சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 1956இல் காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. அதன் முதல் இயக்குநராக வாலஸ் ஃபாக்ஸ் வந்தார்.

சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளிகள் இந்த முதல் ஆய்வில் சேர்க்கப்பட்டனர். குலுக்கல் முறையில் ஒரு பிரிவினர் சானடோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மற்றவர் தம் வீட்டிலேயே இருந்தனர். இரு பிரிவினருக்கும் ஓராண்டு காலம் ஐசோனியசிடும் பாஸும் கொடுக்கப்பட்டன.

வீட்டில் இருந்தவர்களின் நிலையை எண்ணிப் பார்க்க வேண்டும். நெரிசலான சிறு வீடு. சத்தில்லாத உணவு. பலர் உடம்பு சற்றுத் தேறியதும் வேலைக்குப் போய்விட்டனர். பெண்கள் அடுப்பங்கரையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சானடோரியத்தில் இருந்தவர்களுக்கோ வேளாவேளைக்கு உணவு, படுக்கை, செவிலியர் கவனிப்பு. எடை கூடியதும் அவர்களுக்கே அதிகம்.

ஆயினும் ஆண்டின் இறுதியில் சளியைப் பரிசோதித்தபோது இரு பிரிவினரின் முடிவுகளும் மிக நெருக்கமாக இருந்தன. 1959இல் இது உலக சுகாதார நிறுவனத்தின் இதழில் வெளியாயிற்று. பின்னர் ஐந்தாண்டு வரை தொடர்ந்து பார்த்ததிலும் வீட்டில் குணமானவர்களுக்கு நோய் திரும்புவது கூடுதலாக இல்லை. நோயாளியை வீட்டில் வைத்திருந்தால் மற்றவர்களுக்குத் தொற்றிவிடும் என்ற அச்சமும் மெய்ப்படவில்லை. சானடோரியத்துக்குப் போனவர் குடும்பத்தைவிட, வீட்டில் சிகிச்சை பெற்றவர் குடும்பத்தில் புதிதாக நோய் வந்தது அதிகமில்லை. மருந்து தொடங்கும் முன்பே வீட்டார் கிருமியைச் சுவாசித்துவிடுகின்றனர். மருந்து தொடங்கிய பின் நோயாளி தொற்றைப் பரப்புவது வெகுவாகக் குறைந்துவிடுகிறது என்பதே இதன் விளக்கம்.

நூறாண்டு காலமாக மருத்துவ உலகம் நம்பிய காற்று, ஓய்வு, மலை வாசம் எல்லாம் இந்த ஆய்வால் இரண்டாம் இடத்துக்குத் தள்ளப்பட்டன. செல்வ நாடுகளிலும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்த ஆய்வு ஒரு காரணமாயிற்று.

உணவு முக்கியமில்லை என்று இதைப் புரிந்துகொள்ளக் கூடாது. மருந்து சரியாக இருந்தால் உணவுக் குறைவு மருந்தைத் தோற்கடிக்காது என்பதே ஆய்வு சொன்னது. சத்துக்குறைவு உள்ளவர்களையே காசநோய் அதிகம் பிடிக்கிறது என்பது வேறு செய்தி. ஜார்க்கண்டில் நடந்து 2023இல் வெளியான ஓர் ஆய்வில், நோயாளியின் குடும்பத்தாருக்குச் சத்துணவு கொடுத்ததால் அவர்களுக்குப் புதிதாக நோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று முரணானவை அல்ல.

மையத்தின் அடுத்த ஆய்வு இக்கட்டுரையின் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. பாஸ் விலை கூடியது, நாளொன்றுக்கு ஏறத்தாழ 10 கிராம் விழுங்க வேண்டும், வயிற்றைப் புரட்டும். அதை விட்டுவிட்டு ஐசோனியசிடை மட்டும் கொடுத்தால் ஏழை நாட்டுக்குச் செலவு மிச்சமாகுமே என்ற எண்ணம் எழுந்தது. ஐசோனியசிடை மூன்று வெவ்வேறு முறைகளில் தனியாகக் கொடுத்து, கூட்டு மருந்தோடு ஒப்பிட்டனர். 1960இல் வந்த முடிவு தெளிவாக இருந்தது: கூட்டு மருந்தே மேல். தனி மருந்து பெற்றவர்களிடம் மசியாத கிருமிகள் தலைகாட்டின. மிச்சம் பிடிக்க நினைத்த காசு, பிறகு இரட்டிப்பாகச் செலவாகும் என்று தெரிந்தது.

மருந்து உள்ளே போனதா?

வாங்கிச் சென்ற மருந்தை நோயாளி உண்மையிலேயே சாப்பிடுகிறாரா? ஃபாக்ஸும் அவருடன் பணியாற்றியவர்களும் இதை நோயாளியின் சொல்லை மட்டும் நம்பி விட்டுவிடவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டுக்குப் போய் மாத்திரைகளை எண்ணினர். சிறுநீர் வாங்கி வந்து பரிசோதித்தனர். பாஸ் சாப்பிட்டவரின் சிறுநீரில் ஃபெரிக் குளோரைடு கரைசலைச் சேர்த்தால் நிறம் மாறும். பள்ளி வேதியியல் ஆய்வகத்தில் இருக்கும் அதே பொருள்தான். நல்ல நோயாளிகள் என்று கருதப்பட்டவர்களிலும் சிலர் மருந்தை விட்டுவிட்டுச் சாப்பிடுவது தெரியவந்தது.

இதில் நோயாளியைப் பழிப்பது நியாயமாகாது. காய்ச்சலும் இருமலும் சில வாரங்களில் அடங்கிவிடுகின்றன. உடம்பில் நோவில்லாத ஒருவர், வயிற்றைப் புரட்டும் மருந்தை ஓராண்டு விழுங்குவது எளிதன்று. ஆனால் உள்ளே, மெதுவாகப் பெருகும் கிருமிகள் சில உறங்குவது போல் கிடக்கின்றன. பெருகும் கிருமிகளையே பெரும்பாலான மருந்துகள் விரைவாகக் கொல்லும். உறங்குபவை எழும்வரை காத்திருக்க வேண்டும். சிகிச்சை மாதக்கணக்கில் நீள்வதன் காரணம் இதுவே. சென்னை மையத்தோடு லண்டனிலிருந்து நெடுங்காலம் சேர்ந்து பணியாற்றிய டெனிஸ் மிட்சிசன் என்ற நுண்ணுயிரியலார் இதை விளக்கியவர்களுள் முதன்மையானவர்.

மருந்தை ஒருவர் பார்வையில் கொடுப்பது என்ற முடிவுக்கு மையம் வந்தது. நாள்தோறும் நோயாளியை வரவழைக்க முடியாது. எனவே வாரம் இரு முறை ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் கூடுதல் அளவு ஐசோனியசிடும் மையத்திலேயே கொடுத்துப் பார்த்தனர். நாள்தோறும் வீட்டில் தாமே சாப்பிட்டவர்களைவிட இவர்களின் முடிவு குறைவாக இல்லை. இது 1964இல் வெளியானது. பிற்காலத்தில் உலகமெங்கும் 'டாட்ஸ்' என்று பெயர் பெற்ற நேரடி மேற்பார்வைச் சிகிச்சையின் வேர்களுள் ஒன்று இங்கே இருக்கிறது.

கூடுதல் அளவு ஐசோனியசிடால் ஒரு தொல்லையும் வந்தது. கைகால்களில் எரிச்சலும் மரத்துப்போதலும் சிலருக்கு ஏற்பட்டன. இம்மருந்து வைட்டமின் பி6ஐக் குறைத்துவிடுவதே காரணம். சத்துக்குறைவான உடம்பில் அது விரைவில் வெளிப்படுகிறது. மிகச் சிறிய அளவு பி6 சேர்த்துக் கொடுத்தாலே இதைத் தடுக்கலாம் என்று மையம் காட்டியது. இன்று ஐசோனியசிடோடு பி6 மாத்திரை கொடுக்கப்படுவது இதனால்தான். அது வெறும் சத்து மாத்திரை என்று எண்ணி ஒதுக்குவோர் உண்டு, ஒதுக்கக் கூடாது.

இம்மையம் பின்னர் காசநோய் ஆராய்ச்சி மையம் ஆனது. 2011 முதல் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டிலேயே இயங்குகிறது.

எல்லாக் கூட்டும் ஒன்றல்ல

மருந்துக் கடையில் 'சிக்ஸ் ட்வென்டி ஃபைவ்' என்று கேட்டு வாங்கப்படும் மாத்திரையும் ஒரு கூட்டு மருந்தே. ஆனால் அதன் தத்துவம் வேறு. பெனிசிலினைச் சிதைக்கும் நொதி ஒன்றைச் சில பாக்டீரியாக்கள் சுரக்கின்றன என்று ஏப்ரகாம், செயின் என்ற இருவர் 1940இலேயே எழுதினர். பெனிசிலின் பொதுமக்கள் கைக்கு வரும் முன்பே அதன் எதிரி தெரிந்துவிட்டது. 1970களில் பீச்சம் நிறுவனத்தார் கிளாவுலானிக் அமிலம் என்ற பொருளை மண்வாழ் நுண்ணுயிர் ஒன்றிலிருந்து பிரித்தனர். இது தானாகக் கிருமியைப் பெரிதாகக் கொல்வதில்லை. அந்த நொதியைப் பிடித்துக் கட்டிப்போடுகிறது. பெனிசிலின் இனத்து அமாக்சிசிலின் அதற்குள் தன் வேலையைச் செய்துவிடும். 1981இல் பிரிட்டனில் இக்கூட்டு விற்பனைக்கு வந்தது.

625 என்பது 500 மில்லிகிராம் அமாக்சிசிலினும் 125 மில்லிகிராம் கிளாவுலானிக் அமிலமும் சேர்ந்தது. 375 என்பது 250உம் 125உம். எனவே 625 கிடைக்காதபோது 375 இரண்டைப் போட்டுக்கொள்வது சரியாகாது. கிளாவுலானிக் அமிலம் இரட்டிப்பாகும். வயிற்றுப்போக்கும், சிலருக்குக் கல்லீரல் பாதிப்பும் இந்தக் கூட்டின் அறிந்த கேடுகள். பெனிசிலின் ஒவ்வாமை உள்ளவர் இதைத் தொடவே கூடாது. சாரலில் நனைந்து வரும் சளிக்காய்ச்சல் பெரும்பாலும் வைரஸால் வருவது. அதற்கு இம்மாத்திரையால் பயனில்லை.

காரணமின்றிக் கலந்த கூட்டுகளும் இந்தியச் சந்தையில் ஏராளமாக இருந்தன. 2016 மார்ச்சில் நடுவண் அரசு 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. வழக்குகளுக்குப் பின் 2018 செப்டம்பரில் 328 மருந்துகளுக்குத் தடை உறுதியாயிற்று. அவற்றில் நுண்ணுயிர் எதிர்ப்பிக் கூட்டுகளும் அடங்கும். அதற்கு முன், 2014 மார்ச் முதல், காசநோய் மருந்துகளையும் வேறு பல நுண்ணுயிர் எதிர்ப்பிகளையும் 'எச்1' அட்டவணையில் சேர்த்து, மருத்துவர் சீட்டின்றி விற்கக் கூடாது, விற்ற விவரத்தைப் பதிவேட்டில் எழுதி மூன்றாண்டு வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்தது.

காசநோயோடு இதற்குள்ள தொடர்பு பலர் அறியாதது. லெவோஃபிளாக்சசின் போன்ற சில நுண்ணுயிர் எதிர்ப்பிகள் காசநோய்க் கிருமியையும் ஓரளவு தாக்கும். நாள்பட்ட இருமலுக்குக் கடையில் இதை வாங்கிச் சாப்பிட்டால், இருமல் தற்காலிகமாக அடங்கும். உண்மையான நோய் மறைந்து கிடக்கும். பின்னால் தேவைப்படும் மருந்து ஒன்று வீணாகியும் போகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் முதலில் சளிப் பரிசோதனை என்ற அரசின் விளம்பரம் வீணான பேச்சன்று.

நான்கு மருந்து, ஒரு மாத்திரை

ரிஃபாம்பிசின் 1960களின் இறுதியில் புழக்கத்துக்கு வந்தது. பிரான்சின் தென்கடற்கரைப் பைன் காட்டு மண்ணிலிருந்த நுண்ணுயிரே இதன் மூலம். ஆய்வாளர்கள் அக்காலத்துத் திரைப்படம் ஒன்றின் பெயரை வேடிக்கையாக வைத்துக்கொண்டதிலிருந்து இந்தப் பெயர் பிறந்தது. பைரசினமைடும் சேர்ந்தபின், ஓராண்டுக்கு மேல் நீண்ட சிகிச்சை ஆறு மாதமாகச் சுருங்கியது.

இந்தியாவில் 2017 முதல் நாள்தோறும் உண்ணும் கூட்டு மாத்திரை முறை நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்தது. முதல் இரண்டு மாதம் ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்பூட்டால் ஆகிய நான்கும் ஒரே மாத்திரையில் இருக்கும். அடுத்த நான்கு மாதம் பைரசினமைடு நீங்கலான மூன்று. ஒன்றை விழுங்கி ஒன்றை விடுவது என்ற பழைய சிக்கலுக்கு இது நல்ல விடை. எத்தனை மாத்திரை என்பது உடல் எடையைப் பொறுத்தது: 35 முதல் 49 கிலோ வரை உள்ள பெரியவருக்கு நாளொன்றுக்கு 3, 50 முதல் 64 வரை 4. சிகிச்சையில் எடை கூடும். அதற்கேற்ப எண்ணிக்கை மாறும். பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட்ட அளவு நமக்கு அளவாகாது.

மாத்திரை தொடங்கியதும் சிறுநீர் ஆரஞ்சு நிறத்தில் போவது ரிஃபாம்பிசினால்; அஞ்ச வேண்டியதில்லை. கண் மஞ்சளானாலோ, விடாத வாந்தியும் பசியின்மையும் வந்தாலோ அது கல்லீரல் தாக்கப்பட்டதன் அறிகுறி. மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்வை மங்கினாலோ, சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாமல் போனாலோ எத்தாம்பூட்டால் காரணமாகலாம். இதிலும் தாமதம் கூடாது. மூட்டுவலி பைரசினமைடால் வரலாம். பெரும்பாலும் நிறுத்தாமலேயே சமாளிக்கலாம். ரிஃபாம்பிசின் கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும். சில சர்க்கரை நோய் மாத்திரைகளின் பலனையும் குறைக்கும். ஆகவே சாப்பிடும் மற்ற மருந்துகள் அனைத்தையும் முதல் நாளே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும். மது கூடாது என்பதும் கல்லீரலை முன்னிட்டே.

ஐசோனியசிடுக்கும் ரிஃபாம்பிசினுக்கும் ஒருசேர மசியாத காசநோய்க்கு முன்பு ஒன்றரை, இரண்டு ஆண்டு ஊசியும் மாத்திரையுமாகச் சிகிச்சை நீண்டது. பெடாகுவிலின், பிரெட்டோமானிட், லினசோலிட், மாக்சிஃபிளாக்சசின் என்ற நான்கின் ஆறுமாதக் கூட்டுக்கு 2024இல் நடுவண் அரசு ஒப்புதல் அளித்தது. இங்கும் தனி மருந்து இல்லை.

2019 நவம்பர் 22 அன்று திருநெல்வேலியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான தென்காசியில், வீட்டிலிருந்து பீடி சுற்றும் பெண்கள் மிகுதி. ஆறு மாதம் எங்கோ போய்ப் படுத்துக்கொள்வது அவர்களால் ஆகாது. சேத்துப்பட்டு ஆய்வு தந்த வழி அவர்களுக்கே மிகப் பொருந்தும். மாத்திரை அரசு மருத்துவமனையிலும் ஆரம்ப சுகாதார நிலையத்திலும் கட்டணமின்றிக் கிடைக்கிறது. சத்துணவுக்கென நோயாளியின் வங்கிக் கணக்கில் மாதம் 500 ரூபாய் என 2018இல் தொடங்கிய உதவித்தொகை 2024 நவம்பர் முதல் 1000 ரூபாய் ஆக்கப்பட்டது. செங்கோட்டை, புளியரை வழியாகக் கேரளத்துக்கு வேலைக்குப் போகும் ஆண்களின் சிக்கல் வேறு. இரண்டாம் மாதம் உடம்பு தேறியதும் பயணம் புறப்பட்டுவிடுவர். மாத்திரை அங்கேயே நின்றுவிடும். இதற்கும் வழி உண்டு. சிகிச்சை தொடங்கும்போது ஒவ்வொரு நோயாளிக்கும் 'நிக்ஷய்' எண் ஒன்று தரப்படுகிறது. புறப்படும் முன் சுகாதார நிலையத்தில் சொல்லி, அந்த எண்ணைக் குறித்துக்கொண்டு போனால், கேரளத்து அரசு மருத்துவமனையிலும் அதே மாத்திரையை விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.